துருவும் தேய்மானமும்

பழைய இரும்பு எடைக்கல்லைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு குழி தெரியும். குழிக்குள் ஈயம் அடைத்திருக்கும். ஈயத்தின் மேல் சின்னச் சின்னக் குத்தல்கள்: ஓர் எண், ஓர் எழுத்து, சில சமயம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நாலைந்து அடையாளங்கள். கடையில் புழங்கப் புழங்கக் கல் தேயும். தேய்ந்தால் எடை குறையும். குறைந்த அளவுக்கு அந்தக் குழியில் ஈயத்தைச் சேர்த்துச் சரிக்கட்டுவார்கள். முத்திரை ஆய்வர் சோதித்துப் பார்த்து முத்திரை குத்துவார். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் இருந்த நம்பிக்கை அந்தக் கட்டைவிரல் அகல ஈயத்தில்தான் பதிந்து கிடக்கிறது. இன்று பழம்பொருள் சேர்க்கும் சிலர் அந்தக் கல்லை வாங்கிவந்து, கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரால் தேய்த்து, அழுக்கு என்று எண்ணி ஈயத்தையும் தோண்டி எறிந்துவிட்டு, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து அலமாரியில் வைக்கிறார்கள். கல் பளபளக்கிறது. அது எந்தக் காலத்தில் யாருடைய சோதனைக்கு உட்பட்டு நின்றது என்பதற்கு இருந்த சான்று குப்பைக்குப் போய்விட்டது.

பழைய வார்ப்பிரும்பைச் சுத்தம் செய்வதில் உள்ள சிக்கல் எல்லாம் இதற்குள் அடங்கும். துரு எது, தேய்மானம் எது, கறுப்பு எது என்று பிரித்தறிய வேண்டும். துரு, காற்றும் நீரும் செய்தது. தேய்மானமும் கறுப்பும் மனிதக் கைகள் செய்தவை. முன்னதை எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். பின்னவற்றைத் தொடுவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் கண் பித்தளையில் பழகிய கண். வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கைப் புளிபோட்டுத் துலக்கி, அது பொன்னாக மின்னுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். செப்புக்குடமும் வெண்கலப் பானையும் அப்படித்தான். சுத்தம் என்றால் பளபளப்பு என்று மனதில் பதிந்துவிட்டது. அந்தக் கண்ணோடு இரும்பை அணுகும்போது, அதன் கறுப்பு நமக்கு அழுக்காகத் தெரிகிறது. உண்மையில் தேய்த்துத் தேய்த்து வெள்ளிபோல் ஆக்கிய இரும்பு, தோல் உரிந்த இரும்பு. ஐப்பசி மழைக்காற்று பட்டால் ஒரே இரவில் அதன்மேல் செம்மண் பூத்ததுபோல் துரு படரும். கறுப்பாக இருக்கும் இரும்பே நலமாக இருக்கும் இரும்பு. பித்தளையின் இலக்கணத்தை இரும்புக்குப் பொருத்தியதால் நாம் இழந்த பண்டங்கள் ஏராளம்.

வார்ப்பிரும்பு என்பது தனி இனம். கொல்லர் உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து உருவாக்குகிற இரும்பு வேறு, உருக்கிக் குழம்பாக்கி மணல் அச்சில் ஊற்றுகிற இரும்பு வேறு. வார்ப்பிரும்பில் கரி நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை கலந்திருக்கும். தூய இரும்பு உருக 1538 டிகிரி வெப்பம் வேண்டும். கரி கலந்த இது 1150 டிகிரியை ஒட்டியே இளகி ஓடத் தொடங்கும். அதனால்தான் அச்சின் மூலை முடுக்கெல்லாம் புகுந்து, பூவேலைப்பாட்டையும் எழுத்தையும் அப்படியே வாங்கிக்கொள்கிறது. அதே கரிதான் அதன் பலவீனமும். குளிரும்போது கரி மெல்லிய தகடுகளாக உள்ளே பிரிந்து நிற்கும். கீழே போட்டால் நெளியாது, உடையும். உடைந்த இடத்தைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மின்னும். கையில் இருப்பது எந்த இனம் என்று தெரியாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. அடித்த இரும்பில் சம்மட்டிச் சுவடு இருக்கும். வார்ப்பில் இரண்டு அச்சுகள் சேர்ந்த கோடு விளிம்பில் ஓடும். இரும்புக் குழம்பு நுழைந்த வாயைத் தட்டி எடுத்த தழும்பு எங்கேனும் ஒரு மூலையில் இருக்கும். அந்தக் கோட்டையும் தழும்பையும் தயவுசெய்து ராவிவிடாதீர்கள். அவை அந்தப் பண்டத்தின் பிறப்புக் குறிப்பு.

இரும்புக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இரும்புக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. கொடுமணலில் உருக்குச் செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அந்த இரும்பு அடித்து உருவாக்கியது. உருக்கி ஊற்றும் இரும்பைச் சீனர்கள் கிறித்துவுக்கு ஐந்து நூற்றாண்டு முன்பே கண்டுகொண்டார்கள். ஐரோப்பாவில் அது அடுப்படிக்குள் மலிவாக நுழைந்ததற்கு ஆபிரகாம் டார்பி முக்கியக் காரணம். மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு அவர் 1707-இல் உரிமம் பெற்றார். 1709-இல் கோல்புரூக்டேல் உலையில் மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரியைச் சுட்டெடுத்த கோக் கொண்டு இரும்பை உருக்கினார். தொழிற்புரட்சியின் பெரிய கதைகளில் ஒன்று சாதாரணச் சமையல் பானையில் தொடங்கியது என்பது எனக்குப் பிடித்த செய்தி. நம் கரையில் 1830-ஐ ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாதுவையும் காட்டு மரக்கரியையும் நம்பி எழுந்த அந்த ஆலை சில பத்தாண்டுகளில் அணைந்துபோனது. பிறகு சீமையிலிருந்து வந்த தூண்களும் தையல் மிஷின் கால்களும் நம் வீடுகளில் நின்றன. பின்னாளில் கோயம்புத்தூர் வார்ப்படப் பட்டறைகள் பம்பும் கிரைண்டர் பாகங்களும் வார்த்துத் தள்ளின. கிணற்று உருளை, அடிபம்பு, தராசுக் கற்கள், பணியாரக்கல், இஸ்திரிப் பெட்டி, கரும்பு பிழியும் ஆலை என்று பார்த்தால், வார்ப்பிரும்பு படாமல் ஒரு நாள் கழிந்த வீடு போன நூற்றாண்டில் குறைவு.

அவற்றில் பெரும்பாலானவை எடைக்குப் போய்விட்டன. பேரீச்சம்பழத்துக்கும் போயின. எஞ்சியவை மாட்டுக்கொட்டகையிலும் மாடிப்படிக்கு அடியிலும் துரு ஏறிக் கிடக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதிப் பழம்பொருள் கடைகளில் அவற்றின் குவியலைப் பார்க்கலாம். ஒரு பிற்பகல் முழுவதும் நின்று பார்க்கத் தகுந்த குவியல்.

துரு என்பது மேலே வந்து ஒட்டிய மாசு அன்று. இரும்பேதான் துருவாகிறது. நீரும் உயிர்வளியும் சேர்ந்து இரும்பைத் தின்று, குறைந்தது இரண்டு மடங்கு பருமனுள்ள செந்தூளாக மாற்றிவிடுகின்றன. இடம் போதாமல் அது உப்பிப் பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் புதிய இரும்பு திறந்துகொள்கிறது. அங்கே மறுபடி தொடங்குகிறது. ஆகவே துருவை எடுத்த பண்டம் ஒருபோதும் பழைய எடைக்கு மீளாது. நன்றாகத் துரு ஏறிய ஒரு கிலோ கல்லைச் சுத்தம் செய்து நிறுத்தால் ஒரு கிலோ இருக்காது. போனது போனதுதான். நாம் செய்யக்கூடியது, போவதை நிறுத்துவது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் சுத்தம் செய்கிறவரின் கை தானே நிதானப்படும்.

கடலோரத்துப் பண்டங்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் உப்புக்காற்று இரும்பின் நுண்துளைகளுக்குள் போய்த் தங்கிவிடும். மேலே எவ்வளவு துடைத்தாலும் ஈரமான நாள்களில் உள்ளிருந்து பழுப்புத் துளிகள் வியர்வையாகக் கசியும். பல ஆண்டுகள் உப்புநீரில் கிடந்த வார்ப்பிரும்பில் அதைவிட விசித்திரம் நடக்கும். இரும்பு கரைந்து போய்விட, கரித் தகடுகள் மட்டும் அதே வடிவத்தில் நிற்கும். கடலில் மூழ்கிக் கிடந்த பீரங்கி, பார்வைக்குப் பீரங்கிபோலவே இருக்கும். கத்தியால் சீவினால் பென்சில்போல் சீவ வரும். கடலடியிலிருந்து அத்தகைய பீரங்கிகளை எடுத்தால், காயவிடாமல் காரநீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு உப்பை வெளியேற்றுவது அருங்காட்சியகங்களின் வழக்கம். நம் வீட்டுக் கிணற்று உருளைக்கு அவ்வளவு தேவைப்படாது. ஆனால் நல்ல தண்ணீரில் சில நாள்கள், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும். இரும்பைத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்வது முரணாகத் தோன்றும். உப்பைக் கரைத்து வெளியேற்ற வேறு வழி இல்லை.

அடுப்படிப் பண்டங்களுக்கு வருவோம். இங்கேதான் நம் வீட்டுப் பெண்கள் வேதியியல் பாடம் படிக்காமலே வேதியியலைக் கையாண்டிருக்கிறார்கள். துருப்பிடித்த தோசைக்கல்லையும் பணியாரக்கல்லையும் வடித்த கஞ்சியிலோ அரிசி கழுவிய நீரிலோ ஊறப்போட்டு, தினம் நீரை மாற்றி, தேங்காய் நாரால் தேய்ப்பது பழைய முறை. கஞ்சித் தண்ணீர் ஒருநாள் வைத்தால் புளிக்கும். புளிக்கும்போது லாக்டிக் அமிலம் உண்டாகும். மென்மையான அமிலம், துருவை மெல்லக் கரைக்கும், இரும்பை அவசரமாகத் தின்னாது. கடையில் வாங்கும் வினிகரும் அதே வேலையைச் செய்யும், வேகமாக. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அரைமணி நேரம் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அதை இரவு முழுக்கப் போட்டுவைத்தால் துரு தீர்ந்த பிறகு அமிலம் நல்ல இரும்பில் வாய்வைக்கும். எடுத்துப் பார்த்தால் மேற்பரப்பு அம்மைத் தழும்பாகக் கிடக்கும். கஞ்சிக்கு அந்த அவசரம் கிடையாது. பொறுமை உள்ளவர்களுக்கு அது போதும் என்பேன்.

என் பெரியம்மா பணியாரக்கல்லைப் பழக்குவதைச் சிறுவயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கஞ்சியில் ஊறி வந்த கல்லைக் கழுவி, உடனே அடுப்பில் ஏற்றிவிடுவார். துணியால் துடைத்து வைத்தால் போதாது. குழியின் அடியில் ஒளிந்திருக்கும் ஈரம் நெருப்பில்தான் போகும். கல் சூடேறியதும் நல்லெண்ணெயில் தோய்த்த வெங்காயப் பாதியைக் குழிக்குழியாகத் தேய்ப்பார். புகை கிளம்பும். ஆறவிட்டு, மறுபடி தேய்ப்பார்.

“எப்ப பெரியம்மா பணியாரம் ஊத்துவீங்க?” என்று கேட்டால், “இருடா, கல்லு இன்னும் பழகலை. முதல் ஈடு நமக்கில்லை, காக்காய்க்கு” என்பார்.

அந்த முதல் ஈடு ஒட்டிப் பிய்ந்து கறுப்பாக வரும். இரண்டாவது கொஞ்சம் தேறும். நாலைந்து ஈடு போனபின் பணியாரம் தானாகக் குழியை விட்டுக் கழன்று புரளும். அப்போது பெரியம்மா கல்லைத் தட்டிப் பார்ப்பார். மணிபோல் ஒலித்தால் திருப்தி. கீறல் விட்ட கல் தட்டினால் மொத்தை ஒலி எழுப்பும். பழைய கல் வாங்குகிறவர்கள் இன்றும் இந்தச் சோதனையைச் செய்யலாம். கீறல் உள்ள கல்லில் உழைப்பைக் கொட்டிப் பயனில்லை. அது அடுப்பில் ஒருநாள் இரண்டாகப் பிளக்கும்.

அந்தப் பழக்கத்தின் உள்ளே நடப்பது என்ன? மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டிலும் காற்றிலும் பட்டு, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியான அரக்குபோல் இரும்பின்மேல் இறுகிவிடுகிறது. எல்லா எண்ணெயும் இப்படி இறுகாது. எவ்வளவு இறுகும் என்பதை ஓரளவு சொல்வது அயோடின் எண். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 104-இலிருந்து 120 வரை. தேங்காயெண்ணெய்க்குப் பத்தை ஒட்டித்தான். ஆளிவிதை எண்ணெய் மிக நன்றாக இறுகும், ஆனால் அந்தப் படலம் எளிதில் செதிலாகப் பெயர்ந்துவிடும் என்ற குறை உண்டு. தேங்காயெண்ணெய் இறுகவே சிரமப்படும். நல்லெண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தமிழ் அடுப்படி தலைமுறை தலைமுறையாக அந்த எண்ணெயைத் தேர்ந்ததை வெறும் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஒரே விதி: எண்ணெய் தடவிய பிறகு, தடவவே இல்லையோ என்று தோன்றும் அளவுக்குத் துணியால் துடைத்துவிட வேண்டும். தடிமனாக விட்டால் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும், தூசி ஒட்டும், சிக்கு வாடை அடிக்கும்.

ஆக ஒரு பழைய கல்லின் மேல் இருக்கும் கறுப்பு என்ன என்று இப்போது தெரிகிறது. பல்லாயிரம் தோசைகளின் எண்ணெய் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிய படலம் அது. ஒரு பெண் அடுப்பு முன்னால் நின்ற காலமெல்லாம் அதில் படிந்திருக்கிறது. மாமியார் தொடங்கியதை மருமகள் தொடர்ந்திருப்பாள். அந்த உழைப்புக்கு எழுத்தில் எங்கும் பதிவு கிடையாது; இந்தக் கறுப்பு ஒன்றே பதிவு. அதை, “பழசாயிடுச்சே, நல்லா சுத்தம் பண்ணிடலாம்” என்று காஸ்டிக் சோடாவில் முக்கி உரித்தெடுப்பது எனக்கு உவப்பில்லை. விதிவிலக்கு உண்டு. கறுப்புக்கு அடியில் துரு ஊடுருவி, படலம் பத்தை பத்தையாகப் பெயரத் தொடங்கிவிட்டால் உரித்துத்தான் ஆக வேண்டும். வெளி விளிம்பிலும் அடிப்பக்கத்திலும் விரற்கடைத் தடிமனுக்கு ஏறிய கரிக்கசடையும் எடுக்கலாம். அது படலமன்று, வெறும் கரி. ஆனால் இட்டிலித் தட்டைப்போல் கல்லும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக உரிப்பது, எழுதிய ஏட்டை வெண்மையாக்கக் கழுவுவதற்குச் சமம்.

நெருப்பில் போட்டு எரித்துவிட்டால் எல்லாக் கசடும் போய்விடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. போகித் தீயில் பழைய கல்லைப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் காய்ந்தால் வார்ப்பிரும்பு வளையும், அல்லது கீறும். சிவக்கக் காய்ந்த கல்லின் மேற்பரப்பே மாறிப்போய், செந்நிறச் செதில் படியும். அதன்மேல் எண்ணெய்ப் படலம் பிடிக்காது. அந்தக் கல்லை மறுபடி பழக்க முடியாது.

துரு கனமாக ஏறிய பண்டங்களுக்கு, கஞ்சியும் வினிகரும் தோற்கும் இடத்தில், மின்சார முறை இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர். பத்து லிட்டருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா. கார் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பண்டத்தில் மாட்ட வேண்டும், நேர்முனையை வேண்டாத இரும்புத் துண்டில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மின்சாரம் பாய்ந்ததும் பண்டத்தைச் சுற்றிச் சிறு குமிழிகள் கிளம்பும்; செந்துரு இளகிக் கறுப்பாகிக் கழன்றுவிடும். இந்த முறையின் மேன்மை, அது நல்ல இரும்பைத் தின்பதில்லை. எழுத்தும் பூவேலையும் வார்த்தபடியே மீளும்.

எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதைச் செய்கிறவர்கள் பலர் இவற்றைச் சொல்வதில்லை. நேர்முனைக்கு எவர்சில்வர் துண்டை மாட்டாதீர்கள். அதிலிருந்து கரையும் குரோமியம் நஞ்சு. சலவைச் சோடாவுக்குப் பதில் உப்பைப் போடாதீர்கள், குளோரின் கிளம்பும். குமிழிகளில் இருப்பது ஹைட்ரஜன், தீப்பற்றும், திறந்தவெளியில் செய்யுங்கள். தொட்டிக்குள் கைவிடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். குழந்தைகள் ஓடியாடும் முற்றத்தில் இதை வைக்கவே கூடாது.

இந்த முறை நமக்கு அயலானதும் அன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் பரமசிவன் என்ற வேதியியலாளரைக் கொண்டு ஒரு பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். நோய்கண்ட செப்புத் திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையில் மீட்ட கூடம் அது. தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்கள் எந்த முறையில் தீட்டப்பட்டன என்று ஆராய்ந்தவரும் அவரே. தெய்வத் திருமேனிகளுக்குக் கிடைத்த அந்த அறிவு ஏன் அடுப்படிக் கல்லுக்கும் கிணற்று உருளைக்கும் வந்து சேரவில்லை என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். நாம் கலை என்று மதித்ததற்கு வேதியியல் கிடைத்தது. உழைப்பு என்று ஒதுக்கியதற்குப் பழைய இரும்புக் கடை கிடைத்தது.

ஈயத்தைப் பற்றி இன்னொரு செய்தி. பழைய இரும்புச் சட்டி ஒன்று கிடைத்தால், அதில் முன்பு என்ன செய்தார்கள் என்று விசாரிக்காமல் சமைக்காதீர்கள். வலைக்கு ஈயக்குண்டு வார்க்க, கடலோரத்தில் இரும்புச் சட்டியில் ஈயத்தை உருக்குவார்கள். பேட்டரி ஈயம் உருக்கிய சட்டிகளும் சந்தைக்கு வருகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் அந்த நஞ்சு போய்விட்டதாக நம்ப முடியாது. அதேபோல் பழைய இரும்புத் தூண், ஜன்னல் கம்பி, மிஷின் கால் இவற்றின் பெயின்ட்டுக்கு அடியில் ஆரஞ்சு நிறப் பூச்சு தெரிந்தால் அது ஈயச் செந்தூரமாக இருக்கலாம். அந்தக் காலத்தில் துருவைத் தடுக்க அதைத்தான் அடிப்பூச்சாகப் பூசினார்கள். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் ஏறும். தேய்க்காமல் விடுவது உத்தமம். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் நனைத்துத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் அணிய வேண்டும்.

சமையலுக்குப் போகாத பண்டங்களுக்கு எண்ணெய்ப் படலம் தேவையில்லை. அவற்றுக்கு நம்மிடமே ஓர் அரிய மருந்து இருக்கிறது: கடுக்காய். கடுக்காயில் நிறைந்துள்ள துவர்ப்புப் பொருள் துருவோடு சேர்ந்தால் நீலங்கலந்த கறுப்பாக மாறி, இரும்போடு ஒட்டி அடங்கிவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்ததும் இந்தச் சேர்க்கையால்தான். உலக அருங்காட்சியகங்கள் இரும்புக்குப் பூசும் டானிக் அமிலம் இதே குடும்பத்தது. உதிரும் துருவைத் தேங்காய் நாராலும் மென்மையான பிரஷ்ஷாலும் நீக்கிவிட்டு, எஞ்சிய மெல்லிய துருவின்மேல் கடுக்காய் காய்ச்சிய கெட்டி நீரைப் பூசிக் காயவைத்தால் கறுப்பு படியும். பிறகு இளஞ்சூட்டில் தேன்மெழுகு தேய்த்துத் துணியால் மெருகிட்டால் போதும். எடைக்கல்லைச் சூடாக்கும்போது அடியில் உள்ள ஈயம் நினைவில் இருக்கட்டும். வெயில் சூடே போதுமானது. இந்த மெழுகை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிட்டு வேறொன்று பூசலாம். பெயின்ட்டும் வார்னிஷும் அப்படி எளிதில் விலகித் தரமாட்டா. பின்னால் வருகிறவர் நம்மைவிட நன்றாக அறிந்தவராக இருக்கலாம். அவருக்கு வழிவிட்டு வைப்பது நம் கடமை.

எங்கே நிறுத்துவது என்ற கேள்வி இரும்போடு முடிவதில்லை. பழைய தேவாலயங்களின் சுவர்ப்பூச்சைச் சுரண்டிப் புதிதாக்கும் மோகத்தை எதிர்த்து வில்லியம் மாரிஸ் 1877-இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கினார். சுரண்டாதே என்பதே அந்தச் சங்கத்தின் செல்லப்பெயராக நிலைத்தது. நம் ஊரில் திருப்பணி என்ற பெயரில் கோயில் கற்களின்மேல் மணலைப் பீய்ச்சியடித்துக் கழுவினார்கள். கல் வெளுத்தது. கல்வெட்டு எழுத்தும் மழுங்கியது. ஆய்வாளர்கள் கூக்குரல் எழுப்பிய பிறகே அந்த முறை தடைசெய்யப்பட்டது. சோழர் கல்வெட்டுக்கே அந்த கதி என்றால், ஒரு வார்ப்படப் பட்டறையின் பெயர் பொறித்த கிணற்று உருளைக்கு யார் பரிந்து பேசுவார்கள்?

புழங்கும் பண்டங்களைப் புதுப்பிப்பது நம் மரபுதானே, அதில் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெள்ளீயப் பூச்சுப் போன பித்தளைப் பாத்திரத்துக்கு மறுபடி வெள்ளீயம் பூசித்தான் சமைத்தோம். தோசைக்கல்லும் அப்படிப்பட்டதே. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பதைவிட, துரு நீக்கிப் பழக்கி, நாளைக் காலை அதில் தோசை ஊற்றுவதே அதற்குச் செய்யும் மரியாதை. தினம் புழங்கும் கல்லில் துரு ஏறுவதில்லை. புளிக்குழம்பை மட்டும் அதில் வைக்காமலிருந்தால் போதும். புளிப்பு படலத்தை அரித்துவிடும். எடைக்கல்லின் நிலை வேறு. 1956-இல் சட்டம் வந்து, 1958-இலிருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்த பிறகு, வீசையும் சேரும் கடையை விட்டு இறங்கிவிட்டன. நாற்பது பலம் கொண்ட, சுமார் 1.4 கிலோ எடையுள்ள வீசைக்கல்லால் இனி யாரும் எதையும் நிறுக்கப் போவதில்லை. அதன் வேலை இனிச் சாட்சி சொல்வது மட்டும். சாட்சியின் முகத்தை மாற்றக் கூடாது. புழங்கும் பண்டத்தை உயிர்ப்பிக்கலாம். ஓய்ந்த பண்டத்தை உள்ளபடி காக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கிரைண்டரை எடுப்பவர் இரண்டையும் அறியாதவர்.

விற்பனைக்காகக் கறுப்பு எனாமல் அடித்து, எழுத்துகளுக்கு மட்டும் தங்கப் பூச்சுக் கொடுக்கும் வியாபாரிகளை நான் முழுவதும் பழிக்கமாட்டேன். வாங்குகிறவர் கண் அப்படிக் கேட்கிறது; அவர் பிழைக்க வேண்டும். மாற வேண்டியது நம் கண். துரு நீங்கி, தேய்மானம் தேய்மானமாகவே நிற்கும் ஓர் உருளையின் அழகைப் பார்க்கப் பழகினால், வியாபாரியும் பெயின்ட் டப்பாவைக் கீழே வைப்பார். உருளையின் பள்ளத்தில் கயிறு ஓடி ஓடி வழவழப்பாகிய இடம் இருக்கிறதே, அதை எந்த பாலிஷாலும் கொண்டுவர முடியாது. எத்தனை ஆண்டுக் கயிறு, எத்தனை கைகள் இழுத்த தண்ணீர்!

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ கிடக்கும் உருளையை, அடிபம்பை, மிஷின் காலை, ஆலையை எடைக்குப் போடுவதற்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, சாய்ந்த வெளிச்சத்தில் புரட்டிப் பாருங்கள். வார்க்கும்போதே பட்டறையின் பெயரும் ஊரும் புடைப்பாக விழுந்திருக்கும். அந்தப் பெயரையும் ஊரையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள்; படம் எடுத்துவையுங்கள்; அது யார் வீட்டில் எதற்குப் பயன்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். முடிந்தால் உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள். மூடப்பட்ட பட்டறைகளின் மர அச்சுகள் விறகாகிப் போயிருக்கும், கணக்கேடுகளைக் கரையான் தின்றிருக்கும். அவற்றின் பெயரைச் சொல்ல அவை வார்த்த இரும்பைத் தவிர வேறெதுவும் மிஞ்சியிராது.